மருந்து வைத்தவள்

சாமுவேலின் பட்டறையில் விஷம் என்ற வார்த்தையை யாரும் சொல்லக் கூடாது. அது அவன் பெண்டாட்டி ஏஞ்சல் போட்ட சட்டம். உளுத்த மரத்துக்குள் இருக்கிற வண்டைக் கொல்ல, நெல் மூட்டைகளுக்கு வைக்கிற மாத்திரையைத்தான் அவர்களும் வைப்பார்கள். ஒருமுறை சென்னையிலிருந்து காரில் வந்த அம்மாள் ஒருத்தி, தார்ப்பாயில் சுற்றிக் கிடந்த கட்டிலைக் காட்டி இது என்னவென்று கேட்டாள். சாமுவேல் வெள்ளந்தியாக, "விஷம் வெச்சிருக்குதும்மா" என்றான். அந்தம்மா செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடிப்போய்க் காரில் ஏறிவிட்டாள். அன்றிலிருந்து அது மருந்து. மருந்து வெச்சாச்சா, மருந்து எடுத்தாச்சா, இதுதான் அங்கே பேச்சு. ஆறு வருஷத்தில் எனக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

நான் துரைக்கண்ணு, முசரவாக்கம். குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி வைத்திருக்கிறேன். ஐயம்பேட்டையில் சாமுவேல் சீர் பண்ணுகிற பழைய சாமான்களை ஏற்றிக்கொண்டு போய் இறக்குவது என் பிழைப்பில் பாதி. நல்ல வேடிக்கையான பிழைப்பு அது. நின்றுகொண்டிருந்த கதவை வாங்கிப் படுக்க வைத்து, மேலே கண்ணாடி போட்டு அதில் சோறு சாப்பிடுகிறார்கள். நெல் அளந்த மரக்காலில் பூச்செடி வைக்கிறார்கள். இடித்துப் போட்ட வீட்டின் தூணை அறுத்து விளக்கு மாட்டுகிறார்கள். எது எப்படியோ, சாமுவேல் கை பட்டால் செத்த மரமும் முகம் கழுவினாற்போல ஆகிவிடும். சீவுவது, ஒட்டுவது எல்லாம் அவன். உளுத்த ஓட்டைகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைப்பது, அரக்குப் பாலீஷ் போடுவது, மருந்து வைப்பது எல்லாம் ஏஞ்சல்.

மருந்து வைப்பதில் அவளுக்கு ஒரு கணக்கு உண்டு. பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர்களிடம் பட்டுக் கழிவு நூல் வாங்கி வருவாள். ஒவ்வொரு மாத்திரையையும் துணியில் பொட்டலமாகக் கட்டி, அதில் சிவப்பு நூல் ஒன்றைச் சேர்த்து முடிந்து, நூலின் வாலைத் தார்ப்பாய்க்கு வெளியே தொங்கவிடுவாள். எத்தனை வால் தொங்குகிறதோ அத்தனை பொட்டலம் உள்ளே. எடுக்கும்போது வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, வாலைப் பிடித்து ஒவ்வொன்றாக இழுத்து எண்ணிப் பின்புறம் குழியில் புதைப்பாள். நூல் இல்லாமல் எவனாவது மருந்தைத் தொட்டால் கையை முறித்துவிடுவேன் என்று சாமுவேலிடமே சொல்லியிருக்கிறாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாள் அது. படப்பைக்கு ஒரு ஊஞ்சல் பலகை ஏற்ற வந்தவன், மழை விடட்டும் என்று பட்டறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மணி பதினொன்று இருக்கும். ஏஞ்சல் டீயும் சூடான மசால்வடையும் கொண்டுவந்து வைத்தாள். சாமுவேல் உப்புத்தாளால் பலகையைத் தேய்த்தபடியே என்னைக் கேட்டான்.

"ஏண்ணா, நேத்து எடுத்துக்கினு போனியே சரிகைப் பொட்டி, அதுல கள்ளப்பொட்டி இருக்குதே, அவங்களுக்குக் காட்டினியா? குஷி ஆயிருப்பாங்களே."

"கள்ளப்பொட்டியா? எனக்கு எங்கப்பா தெரியும்? நீ சொன்னாதான."

ஏஞ்சல் திரும்பினாள். "இன்னா கள்ளப்பொட்டி? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"அடித்தட்டுக்குக் கீழ இருந்துச்சும்மா. பித்தளக் குமிழ அமுக்கினா வெளிய வரும். அந்தக் காலத்து மொதலாளிங்க சரிகைய ஒளிச்சு வெக்க பண்ணது. சோக்கா இருந்துச்சு. உளுப்புகூட அங்கதான் ஜாஸ்தி. அதான் நானே ஒரு மருந்து..."

அவன் வாய் அப்படியே நின்றது. தேய்த்துக்கொண்டிருந்த கையும் நின்றது.

"மருந்து?" என்றாள் ஏஞ்சல்.

"வெச்சேன்."

"எடுத்தியா?"

"நீதான எடுப்ப."

"நான் அஞ்சு எடுத்தேன். அஞ்சு நூலு தொங்கிச்சு, அஞ்சு எடுத்தேன். உன்னுதுல நூலு எங்க?"

"நூலு இருந்தா அந்தப் பொட்டி மூடலம்மா. ரொம்ப இறுக்கம். அதனால அறுத்துட்டேன். சொல்லணும்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அந்தத் தேக்குக் கதவு வந்து எறங்கிச்சு, மறந்தே பூட்டேன்."

"அது பத்து நாளு ஆச்சே," என்றேன் நான். "மாத்திர காத்துல கரைஞ்சு இந்நேரம் சாம்பலா பூத்திருக்கும். இல்லியா?"

சாமுவேல் தலையை ஆட்டினான். "இல்லண்ணா. உள்ள பித்தளத் தகடு அடிச்சிருக்குது. மருந்துக் காத்து பட்டா பித்தள கறுத்துப் பூடும். அத்த பாத்து, பிளாஸ்டிக் கவர்ல சுத்தி லேசா ஓட்ட போட்டு வெச்சேன். பாதிகூட கரைஞ்சிருக்காது."

பித்தளை கறுத்துவிடுமாம். எனக்கு அவனை அறையலாம்போல இருந்தது. பிறகு அந்தக் கோபமும் செத்துப்போனது. நேற்று வாலாஜாபாத் ரோட்டில் வண்டி ஒரு பெரிய குழியில் இறங்கி ஏறியது. பெட்டி பின்னால் தூக்கிப் போட்டது. கவர் கிழிந்திருந்தால் அது என்னால்தான். அதைவிட, அந்தப் பெட்டியை எங்கே வைத்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

டவுனில் இருக்கிற பட்டுச் சேலை வியாபாரி லோகேஸ்வரன் வீடு அது. அவர் மகள் தீபிகா பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் இருக்கிறாள். பிள்ளைக்கு இருபது நாள். பெட்டியை அவள் படுக்கிற அறையில்தான் வைக்கச் சொன்னார்கள். ஏசி ஓடுகிற அறை. ஜன்னல் எல்லாம் அடைத்து இடுக்கில் துணி செருகியிருந்தது. தொட்டிலுக்கும் பெட்டிக்கும் நடுவில் இரண்டு அடிகூட இல்லை. சுவரோரமாக நன்றாகத் தள்ளி வைத்தவன் நான்தான்.

"ஏஞ்சலு, கொழந்த அந்த ரூம்லதான் இருக்குது," என்றேன்.

அவள் டம்ளரை வைத்த சத்தம்கூடக் கேட்கவில்லை. போனை எடுத்துவிட்டாள். லோகேஸ்வரன் பெங்களூரில் இருக்கிறார் என்று நேற்றே சொன்னார்கள். அவர் எடுக்கவில்லை. சாமான் இறக்குவதற்காக என்னிடம் அவர் மனைவி பெரியநாயகியின் நம்பர் இருந்தது. அதைப் போட்டு, சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்தாள்.

"அம்மா, ஐயம்பேட்டைலேந்து ஏஞ்சல் பேசறேன். பொட்டி குடுத்தோமே."

"சொல்லும்மா. பொட்டி அருமையா இருக்குது. சேலையெல்லாம் காலைலதான் அடுக்கினேன்."

"அம்மா, கொழந்த எங்க இருக்குது?"

"தூங்குது. இன்னாத்துக்குக் கேக்கற?"

"பொட்டி இருக்கற ரூம்லயாம்மா?"

"ஆமா. ஏன்?"

"பயப்படாதீங்கம்மா. அந்தப் பொட்டிக்குள்ள மருந்து வெச்சிருக்குது. எடுக்காம உட்டுட்டோம். கொழந்தைய தூக்கிக்கினு வெளிய..."

"இன்னாது? மருந்தா?"

"மருந்துதாம்மா. கள்ளப்பொட்டில..."

"எம் பொண்ணு ரூம்ல மருந்து வெச்சிருக்கியா?" அந்தம்மாவின் குரல் மாறிவிட்டது. "அதான பாத்தேன். ராத்திரிலேந்து கொழந்த பால கக்கிக்கினே இருக்குது. அவளுக்குத் தல சுத்துது, எழுந்து நிக்க முடியல. யாருடி உன்ன ஏவி உட்டது? தாமல்காரியா? அவதான உங்க பட்டறைய காட்டினா? எம் பொண்ணு வாழக் கூடாதுன்னு சம்பந்தி பண்ண வேலையா இது?"

"ஐயோ, அந்த மருந்து இல்லம்மா, இது வேற..."

"எப்படி முறிக்கறதுன்னு எனக்குத் தெரியும்டி. உச்சி வேள வரட்டும். மஞ்சளும் உப்பும் கரைச்சு ஒரு கொடம் அந்தப் பொட்டி மேல ஊத்தறேன். வெச்சவ கையி வெளங்காம பூடும்."

போன் அறுந்தது. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும். பிறகு மணியே அடிக்கவில்லை.

மருந்து வைப்பது என்றால் எங்கள் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று எங்கள் மூவருக்கும் தெரியாதா? சோற்றில் வைத்து ஆளைக் கெடுப்பது, குடியைக் கெடுப்பது. எங்கள் தெருவில் போய் எந்தப் பெண்பிள்ளையிடமும் விளையாட்டுக்குக்கூட அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் பட்டறைக்குள் ஆறு வருஷமாகத் தேய்ந்து தேய்ந்து அந்த வார்த்தை வழவழவென்று ஆகிவிட்டிருந்தது. அதில் முள் இருப்பதே மறந்துவிட்டது.

சாமுவேல் இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். "தண்ணி பட்டா மொத்த மருந்தும் ஒரேடியா பொங்கிடும்மா. மூடின ரூமு. அவ்ளோதான். ஒருத்தரும் தப்ப மாட்டாங்க."

"அடிச்சிக்கினு நிக்காத. வண்டில ஏறு," என்றாள் ஏஞ்சல்.

மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கிக்கொண்டோம். மழை கண்ணாடியில் கொட்டியது. ஒரு பக்கத் துடைப்பான் வேலை செய்யாது, மறு பக்கம் இருந்தால் போதும் என்று விட்டுவைத்திருந்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் நான் கியர் போடத் தடுமாறியது அன்றைக்குத்தான். இருபது நாள் பிள்ளை எவ்வளவு மூச்சு விடும், எவ்வளவு தாங்கும் என்று மனசு அதுபாட்டுக்குக் கணக்குப் போட்டது.

நேற்று அந்த அறைக்குள் போனபோது பூண்டு வாசனை அடித்தது. அந்த மருந்தின் வாசனையும் பூண்டு வாசனைதான். ஆனால் பிள்ளை பெற்றவள் இருக்கிற வீட்டில் பூண்டு வாசனை அடிக்காமல் வேறு என்ன அடிக்கும்? வறுத்த பூண்டும் கருவாட்டுக் குழம்பும் மூன்று வேளையும் போகிற அறை. அங்கே எவனுக்குச் சந்தேகம் வரும்?

ஏஞ்சல் 108-க்குப் பேசினாள். "விஷம் சார். விஷக் காத்து. ஆமா சார், கைக்கொழந்த," என்று தெளிவாக விலாசம் சொன்னாள். வைத்த பிறகு சாமுவேல் கேட்டான்.

"இப்ப சொன்னியே விஷம்னு. அந்தம்மாகிட்ட ஏம்மா அப்படிச் சொல்லல?"

அவள் அவனைப் பார்க்கவில்லை. "வாயில வரல. உன் வாயத் தெச்சேன் பாரு, அப்பவே என் வாயும் தெச்சிக்கிச்சு." போனை மடியில் போட்டுவிட்டு, "நீ நூல அறுத்த. நான் வார்த்தைய அறுத்தேன். போ," என்றாள்.

டவுனுக்குள் நுழைந்ததும் வண்டி நின்றது. அடுத்தடுத்து முகூர்த்தம். சேலை எடுக்க வந்த கார்கள் வெளியூர் நம்பரோடு இரண்டு வரிசையில் நின்றன. ஒருத்தன் நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் குடை விரித்து மாமியாரை இறக்கிக்கொண்டிருந்தான். நான் ஆரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அவன் திட்டினான். நானும் திட்டினேன். இங்கே எழுத முடியாத திட்டு. மணி பதினொன்று நாற்பது.

"உச்சி வேளன்னு சொன்னாளே," என்றான் சாமுவேல். "பன்னண்டு மணிக்குத்தான ஊத்துவா?"

"ஆமா. அதுவரைக்கும் ரூம்ல இருக்கறது இன்னா பன்னீரா?" என்றாள் ஏஞ்சல்.

நான் சந்துகளில் வண்டியை விட்டேன். வீட்டு வாசலில் நிறுத்தும்போது பதினொன்று ஐம்பது. பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் நின்றிருந்தது. பத்துப் பதினைந்து பேர் வாசலில் கூடியிருந்தார்கள். கூடத்தில் மஞ்சள் கரைத்த பித்தளைக் குடம், பக்கத்தில் வேப்பிலைக் கொத்து. அறைக் கதவு சாத்தியிருந்தது. ஏசி வெளியே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பெரியநாயகி கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு கதவுக்கு முன்னால் நின்றாள்.

ஏஞ்சல் செருப்போடு உள்ளே ஓடினாள். "அம்மா, விஷம்மா! விஷக் காத்து! கதவத் தொறங்க, கொழந்தைய வெளிய எடுங்க!"

"வந்துட்டா பாரு!" என்றாள் பெரியநாயகி. "போன்ல மருந்துன்னா. இப்ப விஷம்ன்றா. இன்னும் பத்து நிமிஷத்துல முறியப் போவுதுன்னு தெரிஞ்சு வாரிக்கினு போவ வந்திருக்கா. உங்களயெல்லாம் வாசப்படி தாண்ட உட்டதே தப்பு."

"வண்டுக்கு வெக்கற மாத்திரைம்மா," என்றான் சாமுவேல். அழுகை முட்டியது அவனுக்கு. "நெல்லு மூட்டைக்கு வெப்பாங்களே, அது. நான் மறந்துட்டேன். என்ன வெட்டிப் போடுங்க. கொழந்தைய மட்டும்..."

"கொழந்த அங்கதான் இருக்கணும். யாருக்கு வெச்சாங்களோ அவங்க எதிர்லதான் முறிக்கணும். கலாவதி, கொடத்தத் தூக்குடி."

பக்கத்து வீட்டுக் கலாவதி குடத்தைத் தூக்கினாள். நான் குறுக்கே பாய்ந்தேன். இரண்டு ஆட்கள் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். ஒருத்தன் சாமுவேலைச் சுவரோடு அழுத்தினான். நாங்கள் கத்தக் கத்த, அவர்களுக்கு அது திருட்டுத்தனமாகத்தான் தெரிந்தது. அறைக்குள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. இவ்வளவு கூச்சலுக்கு ஒரு பச்சைப்பிள்ளை அழ வேண்டாமா? அந்த அமைதிதான் என்னை உலுக்கியது. செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

ஏஞ்சல் கத்துவதை நிறுத்தினாள். குடத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், பெரியநாயகியின் கண்களைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஆமா. நான்தான் வெச்சேன்," என்றாள்.

எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

"கொழந்தைக்குத்தான் வெச்சேன். வெச்ச நான் சொல்றேன், கேளு. அதும்மேல தண்ணி ஒரு சொட்டு பட்டா, அப்புறம் உயிர புடிச்சிக்கும், எவனாலயும் எடுக்க முடியாது. உச்சி வேளைக்குள்ள தாயும் புள்ளையும் அந்த ரூம உட்டு, இந்த வீட்ட உட்டு, தெருவுக்கு வரணும். வந்தா மருந்து தோத்துச்சு. வர்லன்னா நான் ஜெயிச்சேன். இன்னும் ஏழு நிமிஷம் இருக்குது. நில்லு. நல்லா நின்னுக்கினு இரு."

ஒரு நொடி நானே நம்பிவிட்டேன். அவள் குரல் அவ்வளவு தணிந்திருந்தது. பெரியநாயகி ஓங்கி ஒரு அறை விட்டாள். ஏஞ்சலின் உதடு கிழிந்தது. அவள் கையைக்கூடத் தூக்கவில்லை. அடுத்த நொடி அந்தம்மா திரும்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

குப்பென்று அடித்தது. பூண்டும் அழுகின மீனும் கலந்த நாற்றம்.

பிள்ளையைத் துணியோடு வாரிக்கொண்டு வந்தாள். தலை தொங்கியது, முகம் வெளுத்துக் கிடந்தது. தீபிகாவை நானும் ஒரு தறிக்காரனும் தோளில் போட்டு இழுத்து வந்தோம். சாமுவேல் மூக்கில் துண்டை அழுத்திக்கொண்டு உள்ளே போய் ஏசியை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு, இருமியபடி வெளியே வந்து விழுந்தான். மறுபடி பெட்டியை எடுக்கப் போகிறேன் என்றவனைக் காலைப் பிடித்து இழுத்துக் கிடத்தினேன். "எல்லாரும் தெருவுக்குப் போங்க! கொடத்த அங்கியே வை!" என்று நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் கலைந்து ஓடினார்கள்.

தெருவில், மழையில், பெரியநாயகி பிள்ளையை மடியில் போட்டு முதுகைத் தேய்த்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் தேய்த்தாள். பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சின்னச் சத்தம். அது அழுகைதான். அதைக் கேட்டு அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் 108 வண்டி தெருவுக்குள் திரும்பியது.

சாயங்காலம் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தோம். தீயணைப்புக்காரர்கள் போய்ப் பெட்டியை வெளியே கொண்டுவந்து மருந்தை எடுத்தார்கள். கவர் கிழிந்திருந்ததாம். போலீஸ்காரர் ஒருவர் வந்து சாமுவேலிடம் எழுதி வாங்கினார், நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் "ஆமா சார், எந்தப்பு சார்" என்றான். டாக்டரம்மா பெரியநாயகியை உட்காரவைத்து, அது என்ன மாத்திரை, என்ன காற்று என்று பொறுமையாகச் சொன்னார். இன்னும் ஒரு மணி நேரம் உள்ளே இருந்திருந்தால் இரண்டு உயிரும் கையில் இல்லை என்றார். தண்ணீர் ஊற்றியிருந்தால் ஊற்றினவளும் இல்லை என்றார். அந்தம்மா எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள்.

விளக்குப் போடுகிற நேரத்தில் பிள்ளை பால் குடித்தது என்று நர்ஸ் வந்து சொன்னாள். ஏஞ்சல் அப்போதுதான் அழுதாள். வீங்கின உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல்.

கொஞ்ச நேரத்தில் பெரியநாயகி பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தாள். நாங்கள் எழுந்து நின்றோம். மறுபடி அடிக்க வருகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"டாக்டரு சொன்னாங்க. எல்லாம் புரிஞ்சிது," என்றாள். "ஆனா தெருவே கேட்டுச்சு, நீ வெச்சேன்னு உன் வாயால சொன்னத. எங்காதும் கேட்டுச்சு. வெச்சவதான் எடுக்கணும். எடுத்துடு."

"அம்மா, அது நான் சும்மா, கதவ தொறக்கணும்னு..." என்றாள் ஏஞ்சல்.

"தெரியும்மா. எடுத்துடு. நான் தூங்கணும்."

அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. டாக்டர் சொன்னது மண்டைக்குள் போயிருந்தது, பயம் மட்டும் போகவில்லை. ஏஞ்சலுக்கு மந்திரமும் தெரியாது, மாயமும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். என்ன செய்வதென்று தெரியாமல் பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அரக்குக் கறை ஏறின வலது கையை மெதுவாகப் பிள்ளையின் வயிற்றில் வைத்தாள். கண்ணுக்குத் தெரியாத நூலின் வாலைப் பிடிப்பதுபோல இரண்டு விரலைச் சேர்த்து, மெல்ல இழுத்தாள்.

"ஒண்ணு," என்றாள்.

மறுபடி வைத்து இழுத்தாள். "ரெண்டு. மூணு." நர்ஸ் ஒருத்தி நின்று வேடிக்கை பார்த்தாள். "நாலு. அஞ்சு." பிறகு கையை இன்னும் கொஞ்சம் கீழே நகர்த்தி வைத்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. "ஆறு."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேம்மா."

"கையக் காட்டு."

ஏஞ்சல் கையை விரித்துக் காட்டினாள். ரேகையெல்லாம் பாலீஷ் படிந்த வெறுங்கை. பெரியநாயகி அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆறுதான?" என்று கேட்டாள்.

உன்னுது ஒண்ணுதானா என்பதுபோல ஏஞ்சல் திரும்பிச் சாமுவேலைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அவள் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் நெஞ்சைத் தொட்டு, இன்னொரு தரம் ஆட்டினான்.

"ஆறுதாம்மா," என்றாள்.